முதலில் நான் பார்த்துவிட்டு வருகிறேன்

இடைவேளை, விளக்கைப் போட்டுவிட்டார்கள். அப்பாடா. பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதியில்தான் எல்லாரும் விழுகிறார்கள் என்றாலும் அப்பாடா. இதுவரைக்கும் ஒரு சாவு இல்லை. ஆஸ்பத்திரி ஒன்று வந்தது, கடைசியில் பார்த்தால் கதாநாயகனுக்குப் பல்வலி. மாலை போட்ட போட்டோ ஒன்று சுவரில் தொங்கியது, அது தாத்தா. தாத்தா பரவாயில்லை. தாத்தாக்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் சுவரில் இருந்துகொள்ளட்டும், என் மனைவி பிலோமினா அதற்கெல்லாம் அசைய மாட்டாள். வண்டி என்று பார்த்தால் ஒரு பழைய மொபெட், அதுவும் ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டே போகிறார்கள், தியேட்டரே சிரிக்கிறது, நான் மட்டும் இந்த மொபெட் கடைசிவரை ஸ்டார்ட் ஆகவே கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அறுபது தாண்டிய வயதில் சினிமாக் கொட்டகைக்குள் ஒரு மொபெட்டுக்காக மாதாவைத் தொந்தரவு செய்கிறவன் திண்டுக்கல்லிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சாப்பாட்டு நேரம் என்று கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். பம்புசெட்டு உதிரிபாகக் கடை, மதியத்தில் ஒருவரும் வரமாட்டார்கள், வந்தாலும் ஷட்டரைப் பார்த்துவிட்டு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார்கள். சாயங்காலக் காட்சிக்கு இதே படத்துக்கு பிலோமினாவைக் கூட்டிவர வேண்டும். அதற்கு முன்னால் நான் ஒருதரம் பார்த்தாக வேண்டும். பையன் போனதிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம், முதலில் நான், பிறகு நாங்கள் இரண்டு பேரும்.

ஆனால் இந்தத் தடவை அவளே கேட்டாள். அதுதான் என்னை இப்படிப் பாடாய்ப் படுத்துகிறது. காலையில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த லாட்ஜு படம் நல்லாருக்காம்ல, போவமா?" என்றாள். போவமா. எவ்வளவு சின்னச் சொல். பையன் போனபிறகு அவள் எதையும் கேட்டதில்லை. பூசைக்குக் கிளம்பு என்றால் கிளம்புவாள், வத்தலக்குண்டில் உன் தங்கச்சி வீட்டுக்குப் போய்வருவோம் என்றால் வருவாள், இல்லை தலைவலி என்பாள், அவ்வளவுதான். புதுப்படம் ஓடும்போதெல்லாம் நான்தான் முதலில் பார்த்துவிட்டு வந்து, வா என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போவேன். இன்றைக்கு அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. நான் ஒன்றும் நடக்காத மாதிரி சட்னியைத் தொட்டுக்கொண்டு, "சாயந்தரம் பாப்போம்" என்றேன். எழுந்து குதித்திருந்தால் பயந்துபோய் வேண்டாம் என்றிருப்பாள். கடைக்கு வந்தால் கை ஓடவில்லை, பேரிங் கேட்டவனுக்கு புஷ் எடுத்துக் கொடுத்தேன். இந்தப் படம் மட்டும் ஏமாற்றிவிட்டால், நான் கவனிக்காமல் விட்ட ஏதாவது ஒரு காட்சி சாயங்காலம் அவள் முகத்தில் அறைந்துவிட்டால், இனி அவள் கேட்க மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு காலை வெளியே வைத்திருக்கிறாள், அந்தக் கால் இடறக்கூடாது.

கையில் பாப்கார்னைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக வருகிறார்கள். அந்த வெண்ணெய் வாசனை எனக்கு ஆகாது. கொட்டகை என்றால் வேர்க்கடலை, முறுக்கு, கொஞ்சம் பீடிப்புகை, அதோடு மழைநாளாக இருந்தால் நனைந்த சணல்சாக்கு வாசனை. சரி, அதைப் பேசினால் கிழவன் ஆரம்பித்துவிட்டான் என்பார்கள். பழசெல்லாம் பொன் என்று சொல்கிற ஆள் இல்லை நான். இப்போது வருகிற படங்களைப் பற்றியும் எனக்குச் சொந்தமாக அபிப்பிராயம் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. பெயர்கள் மனதில் நிற்பதில்லை, நானே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். போன மாதம் பார்த்தது இருட்டுப் படம். யார் யாரைக் குத்துகிறார்கள் என்றே தெரியவில்லை, கரண்ட் பில் கட்டாத வீட்டுக்குள் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் ரத்தப் படம். கதாநாயகன் வரிசையாக வெட்டித் தள்ளிக்கொண்டே போகிறான், விழுகிறவன் ஒவ்வொருத்தனுக்கும் வீட்டில் ஒருத்தி சோறாக்கி மூடிவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாளே என்று எனக்கு ஓடுகிறது, பக்கத்து சீட்டில் விசில். முன்பெல்லாம் எனக்கு இப்படி ஓடாது, நானும் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தவன்தான். இப்போது கதாநாயகனுடைய அப்பாவைப் படம் தொடங்கும் முன்பே சாகடித்துவிடுகிறார்கள், அப்போதுதான் அவனுக்குக் கோபம் வருமாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்பாக்கள் சாகட்டும், அதுதானே வரிசை. வக்கீல் படம் ஒன்று வந்தது. அதில் ஜட்ஜ் வாதத்தைக் கேட்டுக்கொண்டே மேஜைக்கு அடியில் ஆரஞ்சு உரிக்கிறார், சுளை சுளையாக நாரை எடுக்கிறார், கடைசியில் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தால் வாயில் சுளை. அந்த ஒரு காட்சிக்காக அந்த டைரக்டரைக் கூப்பிட்டு பிரியாணி வாங்கித் தரலாம். பிலோமினா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், அவளுக்கு அந்த மாதிரி கோணங்கித்தனமெல்லாம் பிடிக்கும். ஆனால் கேஸே ஒரு காலேஜ் பையன் செத்துப்போனதைப் பற்றியது. வீட்டுக்குப் போய் "சுமார்" என்று சொல்லிவிட்டேன். சுமார் என்றால் எங்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சில்லை. "ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுது, ஒங்களுக்கு மட்டும் எல்லாம் சுமாரு. அப்பிடி என்னத்தத்தான் தேடிப் போறீங்களோ" என்றாள். தேடிப் போகவில்லை பிலோ, இருக்கக்கூடாது என்று போகிறேன்.

இந்தத் தணிக்கை வேலை எனக்கு ரத்தத்திலேயே வந்தது. அப்பா அப்படித்தான். தோல் பதனிடுகிற ஷாப்பில் சூப்பர்வைசர், உடம்பெல்லாம் ஆவாரம்பட்டை வாசனை, பேச்சு குறைவு, சினிமா என்றால் உயிர். ஆனால் வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போவதற்கு முன்னால் தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தவக்காலம் முழுக்க வீட்டில் கறியும் கிடையாது சினிமாவும் கிடையாது, ஈஸ்டர் பாஸ்கா முடிந்த மறுநாள்தான் குடும்பத்தோடு படம். அப்படியானால் அப்பா எப்போது பார்த்தார் என்று அக்கா ஒருதரம் கேட்டுவிட்டாள். "நான் படம் பாக்கப் போகல, சோதிக்கப் போனேன். அதுக்குத் தவக்காலம் கெடயாது" என்றார், சாமியாரே எழுதிக் கொடுத்த மாதிரி. சோதித்துவிட்டு வந்து, ஈசிசேரில் சாய்ந்துகொண்டு மொத்தக் கதையையும் எங்களுக்குச் சொல்லிவிடுவார், கடைசி வரைக்கும். கதை தெரிந்தபிறகு படம் பார்ப்பதுதான் சுகம் என்பது அவர் கட்சி. அடுத்து யாருக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருந்தால் எதையும் பார்க்க முடியாதாம். கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்தபிறகு அவர் வரிசையின் ஓரத்தில் உட்காருவார். கட்டிப்பிடிக்கிற காட்சி வருவதற்குச் சற்று முன்னால் இரண்டு தடவை இருமுவார். உடனே அம்மா, அக்காக்கள் இரண்டு பேர், அத்தை, எல்லாரும் தலையைக் குனிந்து மடியைப் பார்க்க வேண்டும். மறுபடி ஒரு இருமல் வந்தால் நிமிரலாம். எங்கள் தெருக்காரர்கள் முன் வரிசையில் இருந்தால் அவர்களும் சேர்ந்து குனிவார்கள், அப்பா மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் ஆம்பளைப் பிள்ளை என்று எனக்கு விலக்கு எதுவும் கிடையாது, ஆனாலும் விரல் இடுக்கு என்று ஒன்று இருக்கிறதே. ஒரு வருஷம் பாஸ்கா சமயத்தில் அப்பாவுக்கு நல்ல சளி. கொட்டகைக்குள் போனதிலிருந்து லொக்கு லொக்கென்று இருமல். அக்காக்களுக்குப் புரிந்துவிட்டது, நிமிர்ந்துகொண்டார்கள். அம்மா மட்டும் நிமிரவில்லை. எந்த இருமல் நிஜம், எந்த இருமல் கட்டளை என்று பிரிக்கத் தெரியாமல், எதற்கு வம்பு என்று படம் முடிகிறவரை மடியிலிருந்த கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் அப்பா பெருமையாக, "எப்பிடி படம்?" என்று கேட்டார். "பாட்டெல்லாம் நல்லா கேட்டுச்சுங்க" என்றாள். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்தோம். சாகும்வரை அம்மாவை அதை வைத்துக் கேலி பண்ணினோம், அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்பாவிடம் ஒன்று இருந்தது, எது வரும் என்று அவருக்குத் தெரியும், அது வருவதற்கு முன்னால் இருமத் தெரியும். எனக்கு அது போதும், அதற்குமேல் எந்தக் கெட்டிக்காரத்தனமும் வேண்டாம்.

இன்னும் விளம்பரம்தான் ஓடுகிறது. பெயிண்ட், நகை, சமையல் எண்ணெய், எல்லா விளம்பரத்திலும் ஒரு பையன் வீட்டுக்கு வருகிறான், அம்மா கதவைத் திறக்கிறாள். விளம்பரத்தை யார் சோதிப்பது. அப்போது பையன் போய் நான்கைந்து மாதம் இருக்கும், பிலோமினாவின் தங்கை வந்து பிடிவாதம் பிடித்தாள், அக்கா இப்படியே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் என்ன ஆவது மாமா, ஒரு படத்துக்காவது கூட்டிப்போங்கள், வயிறு வலிக்கச் சிரிக்கிற படம் ஒன்று ஓடுகிறது என்று. போனோம். நானும் சோதிக்கவில்லை, சிரிப்புப் படம்தானே என்று விட்டுவிட்டேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிலோமினா ஒருதரம் சிரித்தது போலக்கூட இருந்தது, நான் திரையைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளை நெருங்கும்போது, கதாநாயகனுக்கு ஒரு நண்பன், அதுவரைக்கும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நண்பன், பைக்கில் திரும்பிப் பார்த்துக் கை காட்டுகிறான், குறுக்கே லாரி. இடைவேளை. விளக்கு எரிந்தபோது அவள் சீட்டில் இல்லை. கத்தவில்லை, அழவில்லை, எழுந்து போய்விட்டாள். கால் வைத்துக்கொள்ள வசதியாகச் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள், அது இரண்டும் சீட்டுக்குக் கீழே கிடந்தது. நான் அந்தச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். கடைவீதியில் வெறுங்காலோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள், கூப்பிட்டால் திரும்பவில்லை. எங்கள் பையனும் வேடசந்தூரிலிருந்து வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவன்தான், சாயங்காலம், நல்ல வெளிச்சம், லாரிதான். அதற்குப்பிறகு ஒரு வருஷம் அவள் கல்லறைத் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் தவிர எங்கும் வரவில்லை. அவன் பெயரை நாங்கள் சொல்வதில்லை. ஆரம்பத்தில் ஒருதரம் சாப்பிடும்போது வாய்தவறி வந்துவிட்டது, அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனவள் மறுநாள் காலையில்தான் வெளியே வந்தாள். அதிலிருந்து அந்தப் பெயர் எங்கள் வீட்டில் புழங்கவில்லை. மனதுக்குள்கூட நான் "அவன்" என்றுதான் சொல்லிக்கொள்கிறேன், பழக்கத்தில் வாயில் வந்துவிடக்கூடாது என்று.

அப்புறம்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். நம் படங்களில் பைக் ஓடாத படம் ஏது. பைக்கையே தள்ளுபடி செய்தால் வருஷத்துக்கு ஒரு சாமி படம்தான் மிஞ்சும். அதனால் சின்னச் சின்னக் காட்சி என்றால் சமாளிப்பேன். அந்தக் காட்சி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "பிலோ, நெஞ்சு ஒருமாதிரி இருக்கு, வெளிய போயி ஒரு காபி குடிப்பமா" என்பேன். அல்லது சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, எனக்குக் கண் தெரியவில்லை நீ தேடு என்பேன். அவளும் குனிந்து தேடுவாள். ஒருதரம் காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் திரையில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். "ஏங்க அழுகுறாங்க?" என்றாள். "வேலை போயிருச்சு" என்றேன். "ஒரு வேலைக்கா இம்புட்டு அழுக?" என்றாள். கவர்மெண்டு வேலை என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில், "எல்லாருக்கும் படத்துல ஒரு இடவேளதான் வருது, ஒங்களுக்கு மட்டும் ரெண்டு வருது" என்றாள். தெரியாமல் இருக்குமா அவளுக்கு. முப்பது வருஷம் என்னோடு குப்பை கொட்டியவள். தெரிந்துகொண்டே சாவியைத் தேடுகிறாள், தெரிந்துகொண்டே காபி குடிக்கிறாள், ஆறிப்போன காபியை.

இருட்டிவிட்டது, ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பழைய லாட்ஜ், அதை நடத்துகிற குடும்பம், பெரியவன் விற்கலாம் என்கிறான், அம்மா முடியாது என்கிறாள், இதுதான் கதை. எனக்கு இந்த மாதிரிக் கதை பிடிக்கும், யாரும் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. லாட்ஜ் மேனேஜர் அறை எண் கேட்பவர்களிடம் எல்லாம் தன் மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கிறார், அது பிரமாதம். இது யார் புதிதாக. மெட்ராஸிலிருந்து லீவுக்கு வருகிற சின்னவன் போலிருக்கிறது, இடைவேளைக்கு முன்னால் போனில் குரல் மட்டும் கேட்டதே, அவன்தான். பையைக் கூடத்திலேயே போடுகிறான். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போகிறான். அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "ராஜலட்சுமி மேடம், சோறு இருக்குங்களா, இல்ல வேற ஓட்டல் பாத்துக்கவா?" என்கிறான். ராஜலட்சுமி அவனுடைய அம்மா. தியேட்டர் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். வாய்விட்டு, சத்தமாக, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. சிரித்து முடித்தபிறகுதான் எதற்குச் சிரித்தேன் என்று தெரிந்தது. பிலோமினா மேடம். ஒருதரம் பேங்க்கில் கவுண்டரிலிருந்து ஒரு பெண் "பிலோமினா மேடம் யாருங்க?" என்று கூப்பிட்டது. நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். இவளுக்கு வெட்கம், தன்னைத்தானா என்று சுற்றிப் பார்த்தாள், அப்புறம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நடந்து போனாள். அவ்வளவுதான், அன்றைக்குப் பிடித்துக்கொண்டான். பிலோமினா மேடம் காபி, பிலோமினா மேடம் என் பச்சைச் சட்டை எங்கே, பிலோமினா மேடம் இந்த மனுஷன் என்னைத் திட்டுகிறார் என்னவென்று கேளுங்கள். வேலைக்குக் கிளம்பும்போது வாசலிலிருந்து, "மேடம் உத்தரவு வாங்கிக்கறேன்" என்பான். போடா எருமை என்பாள் உள்ளேயிருந்து. கடைசி நாளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

இதை எங்கே போய்ச் சோதிப்பது. லாரி என்றால் தெரியும், ஆஸ்பத்திரி என்றால் தெரியும், முன்கூட்டியே எழுந்துவிடலாம். இந்தப் பையனோ போகவே மாட்டேன் என்கிறான், காட்சிக்குக் காட்சி வருகிறான். அம்மா தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கொடியில் கிடக்கிற சட்டையை முகர்ந்து பார்த்து, பரவாயில்லை என்று போட்டுக்கொள்கிறான். யார் இந்த டைரக்டர், எங்கள் வீட்டு ஜன்னலில் வந்து நின்று பார்த்தானா. எத்தனை தடவை சாவியைக் கீழே போடுவது, எத்தனை காபி குடிப்பது. இதற்கு அவளை வீட்டிலேயே விட்டுவிடலாம். சுமார் என்று சொன்னால் முடிந்தது. சுமார், லாட்ஜ் படம் ரொம்பச் சுமார், ஊரில் சொல்கிற அளவுக்கு ஒன்றுமில்லை. அவள் சரி என்பாள், தோசைக்கல்லைக் கழுவி வைப்பாள், அந்தப் போவமா திரும்ப எங்கே போகுமோ அங்கே போய்விடும். அப்படி நினைக்கும்போதே கண் அவனைத்தான் பார்க்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் இருடா, அடுத்த காட்சியிலும் வாடா என்று. எனக்கே வெட்கமாக இருக்கிறது, யார் பெற்ற பிள்ளையோ, சம்பளத்துக்கு நடிக்கிறவன். பார்த்து எவ்வளவு நாளாயிற்று. போட்டோவில் பார்த்தால் நிற்கிறான், சிரிக்கிறான், அசைய மாட்டேன் என்கிறான். இங்கே அசைகிறான்.

ஐயோ, பைக். அண்ணனுடைய புது பைக்கை எடுத்துவிட்டான். லாட்ஜ் பத்திரத்தோடு ஓடிப்போன மேனேஜரைப் பிடித்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டான். நான் சொன்னேனே, மீதிப் பாதியில்தான் விழுவார்கள் என்று. அம்மாவும் இவனும் அப்போதுதான் சண்டை போட்டிருக்கிறார்கள், சொல்லிக்கொள்ளாமல் போகிறான், அதுவே போதும், நம் ஆட்களுக்குச் சண்டை போட்டுவிட்டுக் கிளம்புகிறவனை உயிரோடு திருப்பி அனுப்பத் தெரியாது. மேனேஜரைப் பிடித்துவிட்டான், பத்திரத்தையும் வாங்கிவிட்டான், திரும்பி வருகிறான். வெளிச்சம் இறங்குகிறது. நீள ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். பின்னணி இசையை நிறுத்திவிட்டார்கள். இசையை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், இத்தனை படம் பார்த்தவனுக்குத் தெரியாதா, வண்டிச் சத்தம் மட்டும் கேட்டால் அடுத்து என்ன சத்தம் என்று தெரியாதா. எழுந்துவிடலாம். எழவில்லை, முன் சீட்டைப் பிடித்துக்கொள்கிறேன். எதிரே லாரி. லைட் கண்ணைக் கூசுகிறது. மாதாவே, மெதுவா போடா, ஓரமாப் போடா, யாரும் உன்ன அவசரப்படுத்தல, பத்திரம் கெடக்குது, லாட்ஜ வித்தா வித்துட்டுப் போறாங்க. லாரி போய்விட்டது. காற்று மட்டும் அவன் சட்டையை அடித்துவிட்டுப் போகிறது. ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது, பிரேக் போடுகிறான், நாய் போய்விட்டது. வளைவு. வளைவில் என்ன வைத்திருக்கிறீர்களடா. ஒன்றுமில்லை, ஊர் விளக்குகள். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, லாட்ஜ் போர்டு. வந்துவிட்டான். சைடு ஸ்டாண்டு போடுகிறான். உள்ளேயிருந்து அம்மா, "யாரு?" என்கிறாள். "நாந்தாம்மா" என்கிறான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை, அவள் கதவைத் திறக்கிறாள், அவன் உள்ளே போகிறான்.

நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது பக்கத்து சீட்டுக்காரர் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. "என்னங்கய்யா, மேலுக்கு முடியலையா? தண்ணி வேணுமா?" என்றார். "இல்லைங்க, வந்துட்டான்" என்றேன். "யாருங்க?" "அந்தப் பையன். வந்துட்டான்ல." அவர் திரையை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஆமாங்கய்யா, வந்துட்டான்" என்றார். நல்ல மனுஷன், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு லாட்ஜை விற்றார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். வெளியே வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை, அடுத்த காட்சிக்கு டிக்கெட் கவுண்டரில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. முகம் கழுவலாம் என்று குழாயைத் திருப்பும்போது பையில் போன் அடித்தது. அவள்தான். மதியம் சாப்பிட வரவில்லை என்றாலே எங்கே இருப்பேன் என்று தெரியும்.

"என்னங்க, பாத்தாச்சா? எப்பிடி?" என்றாள். சுமார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அப்பா மாதிரி முழுக்கதையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது, பயந்துகொண்டே அவள் அந்த ரோட்டைப் பார்க்கக்கூடாது என்றிருந்தது. "பிலோ, இதுல ஒரு பையன் வர்றான்" என்றேன். "அப்பிடியே நம்ம கிளமெண்ட்டு." சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அடுப்படியில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும். நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்த முடியவில்லை. "அம்மாவ மேடம்னு கூப்புடுறான் பிலோ, பேரச் சொல்லி. நெலையப் புடிச்சுத் தொங்குறான். அப்பறம் பைக்க எடுத்துட்டுப் போறான், இருட்டுற நேரம், எதுத்தாப்புல லாரி வருது. ஒண்ணும் ஆகல. கேக்குதா? ஒண்ணும் ஆகல. வீட்டுக்கு வந்து சேந்துர்றான்." கொதிக்கிற சத்தம் நின்றது, அடுப்பை அணைத்துவிட்டாள். அவ்வளவுதான், உள்ளே போய்விடுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"ஹெல்மெட் போட்டிருக்கானா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அந்த ரோடு முழுக்க அவனோடு கூடவே வந்தேன், லாரியைப் பார்த்தேன், நாயைப் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்த்தேன். தலையில் என்ன இருந்தது என்று ஞாபகமே இல்லை.

"தெரியல பிலோ, நான் கவனிக்கல."

"ஆம்பளைகளுக்கு என்னத்தத்தான் தெரியும்" என்றாள், குரல் உடைந்துதான் இருந்தது. "அங்கனயே நில்லுங்க. நான் வந்து பாக்குறேன்."